சூடாகும்போது 3 பார் அழுத்தத்தைத் தொட்டு, ஆறியதும் சுழியத்துக்கு இறங்கும் காம்பி பாய்லர்: உதவி தேவை

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டுக் காம்பி பாய்லரில் (அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கும் குழாய் வெந்நீருக்கும் ஒரே கருவி) நீர் நிரப்பியதும், ரேடியேட்டர்கள் ஓடாத நேரத்தில் அழுத்தமானி 1.2 பார் காட்டுகிறது. அவற்றை இயக்கினால் முள் விறுவிறுவென ஏறிச் சிவப்புப் பகுதியில் உள்ள 3 பாரைத் தொட்டுவிடுகிறது. காலையில் எல்லாம் ஆறிய பிறகு பார்த்தால் சுழியத்துக்கு அருகில் நிற்கிறது; பாய்லரும் அழுத்தக் குறைவைக் காட்டி நின்றுவிடுகிறது. ஃபில்லிங் லூப் (குழாய் நீரைப் பாய்லருக்குள் ஏற்றும் இணைப்புக் குழாய்) வழியாக நீர் நிரப்பினால் அன்றைக்கு ஓடுகிறது, மறுநாள் பழையபடி ஆகிவிடுகிறது. ரேடியேட்டர்களின் அடியிலோ குழாய் இணைப்புகளிலோ ஈரம் தென்படவில்லை. குளியலறைக்கு வரும் வெந்நீரிலும் குறையில்லை. வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் பாய்லரை நிறுத்திவைக்கவும் முடியவில்லை. இப்படி நாள்தோறும் நீர் நிரப்பி ஓட்டலாமா, அல்லது பாய்லரையே மாற்ற வேண்டுமா?

மறுமொழி 1

பாய்லரை மாற்றும் முடிவுக்கு இப்போதே போக வேண்டாம். நீர் எங்கே போகிறது என்பதை முதலில் கண்டறியுங்கள். பாய்லரிலிருந்து வெளிச்சுவர் வழியாக ஒரு மெல்லிய செம்புக் குழாய் வெளியே வந்திருக்கும். அது பாதுகாப்பு வால்வின் வடிகுழாய். அழுத்தம் 3 பாரை எட்டும்போது அந்த வால்வு திறந்து நீரை வெளியேற்றும். ரேடியேட்டர்கள் ஓடும் நேரத்தில் அதன் கீழே ஒரு பாத்திரத்தை வைத்துப் பாருங்கள். வெளிவரும் நீர் கொதிக்கக் கொதிக்க இருக்கலாம் என்பதால் கையை அருகில் கொண்டுபோகாதீர்கள்.

என் ஊகம், எக்ஸ்பான்ஷன் வெசல் (விரிவுக் கலன்) செயலிழந்திருக்கிறது என்பதே. 100 லிட்டர் நீரை 10 டிகிரியிலிருந்து 80 டிகிரி வரை சூடாக்கினால் ஏறத்தாழ 3 லிட்டர் அளவுக்கு அது விரிகிறது. அந்த மிகுதியை ஏற்றுக்கொள்வதற்காகவே, நடுவில் ரப்பர் டயாபிரமும் (சவ்வும்) அதன் ஒரு பக்கம் அடைத்த காற்றும் கொண்ட அந்தக் கலனைப் பொருத்துகிறார்கள். காற்று இறங்கிவிட்டாலோ டயாபிரம் கிழிந்துவிட்டாலோ விரிந்த நீருக்கு இடமில்லாமல் அழுத்தம் எகிறுகிறது. வால்வு திறந்து நீர் வெளியேறுகிறது. ஆறிச் சுருங்கும்போது, வெளியேறிய அளவுக்கு அழுத்தம் குறைந்து நிற்கிறது.

கேட்டவர்

மிக்க நன்றி. பாத்திரத்தில் நீர் சேர்ந்திருக்கிறது, அதுவும் ரேடியேட்டர்கள் சூடாக இருந்த நேரத்தில் மட்டும். இதை நானே சரிசெய்ய இயலுமா?

மறுமொழி 2

அதற்கு முன் ஓர் ஐயத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. ரேடியேட்டர்களை அணைத்து, எல்லாம் ஆறிய பின்பும் முள் தானாக மேலே ஏறுகிறதா? ஏறினால், ஃபில்லிங் லூப்பின் வால்வு முழுமையாக மூடாமல் நீரை உள்ளே விடுகிறது, அல்லது பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் (பாய்லர் நீரின் சூட்டைக் குளியலறைக் குழாய் நீருக்குக் கடத்தும் தகட்டு அடுக்கில்) நுண்துளை விழுந்து குடிநீர்க் குழாயின் அழுத்தம் உள்ளே பாய்கிறது என்று பொருள். லூப்பைக் கழற்றிய பின்னும் ஏற்றம் தொடர்ந்தால் இரண்டாவது காரணத்தையே ஐயுற வேண்டும். உங்களுக்குச் சூட்டோடு மட்டுமே ஏறுவதால், முதலில் பதிலளித்தவரின் ஊகமே எனக்கும் சரியாகப் படுகிறது.

கலனில் கார் டயரில் இருப்பது போன்ற காற்று வால்வு ஒன்று உண்டு. அதன் ஊசியை அழுத்தும்போது நீர் பீறிட்டால் டயாபிரம் கிழிந்துவிட்டது, கலனை மாற்றியே ஆக வேண்டும். காற்று மட்டும் மெலிதாக வந்தாலோ எதுவுமே வராவிட்டாலோ மறுபடி காற்றேற்றிப் பார்க்கலாம். பாய்லரின் மின்சாரத்தைத் துண்டித்து, நீரழுத்தத்தைச் சுழியத்துக்கு இறக்கி, நீரை வடிக்கும் வால்வைத் திறந்தே வைத்துக்கொண்டு காற்றேற்ற வேண்டும். இல்லையென்றால் எதிர்ப்பக்கத்து நீரின் அழுத்தத்தையே அளவி காட்டும், நீங்களும் காற்று போதுமென்று நிறுத்திவிடுவீர்கள். பல மாதிரிகளுக்கு 0.75 முதல் 1 பார் வரை போதும் என்றாலும், உங்கள் கையேட்டில் உள்ள அளவையே பின்பற்றுங்கள்.

பெரும்பாலான பாய்லர்களில் அந்த வால்வு முன்மூடிக்குப் பின்னால்தான் இருக்கிறது. எரிவாயு எரியும் அறையை அடைத்துக்காப்பதும் பல மாதிரிகளில் அந்த மூடியே. அது சரியாகப் பொருந்தாவிட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் பரவக்கூடும். ஆகவே உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளரை அழைப்பதே என் அறிவுரை; கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

கேட்டவர்

பணியாளர் வந்து பார்த்தார். வால்வை அழுத்தியதும் நீர் வந்தது. கலன் பாய்லரின் முதுகுப்புறம் இருப்பதால் அதை எடுக்க முழுப் பாய்லரையும் இறக்க வேண்டியிருக்கும் என்றும், அதற்குப் பதிலாக ரிட்டர்ன் குழாயில் (ரேடியேட்டர்களிலிருந்து நீர் பாய்லருக்குத் திரும்பும் குழாயில்) தனிக் கலன் ஒன்றை இணைக்கலாம் என்றும் சொன்னார். இது நம்பத்தக்க வழிதானா?

மறுமொழி 1

ஆம், அது பரவலாகச் செய்யப்படும் முறைதான். கலனின் கொள்ளளவு உங்கள் வீட்டில் உள்ள மொத்த நீருக்குப் போதுமா என்பதை மட்டும் கேட்டு உறுதிசெய்யுங்கள். பாதுகாப்பு வால்வையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள்: பலமுறை திறந்து மூடிய வால்வு பொருந்தி அடையும் இடத்தில் துருவின் துகள்கள் சிக்கி, பிறகு 1 பாரிலும் சொட்டிக்கொண்டிருக்கும். நாள்தோறும் ஏற்றிய புதிய நீர் ஆக்சிஜனைக் கொண்டுவந்து ரேடியேட்டர்களை உள்ளிருந்து அரிக்கிறது. ஏற்கெனவே கலந்திருந்த துருத்தடுப்பு மருந்தையும் நீர்க்கச் செய்துவிடுகிறது. எனவே வேலை முடிந்ததும் அந்த மருந்தை மறுபடி உரிய அளவில் சேர்க்கச் சொல்லுங்கள். அதன்பின் ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் வரையிலும், சூட்டில் 2 பாரை ஒட்டியும் முள் நின்றால் கவலைப்படத் தேவையில்லை.