கருக்கலைப்பு மாத்திரை போட்டு ஆறு நாள், ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் கேஸ் ஆகுமா?

ஏலக்காட்டுக்காரி:
ஊர் கம்பம் பக்கம். விடியுமுன் ஜீப் ஏறி, குமுளிக்கு மேலே ஏலக்காய் எடுக்கப் போகிறேன். கூட வருகிற அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். மறுபடி நாள் தள்ளிப்போய் இரண்டு மாதம் இருக்கும், சரியான கணக்கு அவருக்கே தெரியாது. வீட்டுக்காரர் மருந்துக்கடையில் ஐந்து மாத்திரையைத் தாளில் மடித்து வாங்கி வந்தார். எப்படிப் போடணும் என்று கடையில் சொல்லவில்லை. ஐந்தையும் அக்கா ஒரே நேரத்தில் விழுங்கிவிட்டார்.

நேற்று செடிக்கடியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். மழைக்கு இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவிழ்த்தால் பாவாடை முழுக்க ரத்தம். கங்காணியிடம் மழை ஈரம் என்று சமாளித்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "ஸ்கேன் சென்டர் போர்டில் குற்றம் என்று போட்டிருக்கே, ஜெயில்தான்" என்கிறார். மாமியார் எள்ளும் வெல்லமும் இடித்துக் கொடுக்கிறார்.

கூடலூரான்:
பயப்படாதீங்க. என் மனைவிக்கும் பத்து நாள் பட்டது. படுத்து எழுந்தால் சரியாகும்.

பழைய நர்ஸ்:
தம்பி, லேசாகப் பத்து நாள் படுவது வேறு, பாவாடை நனைந்து தலைசுற்றுவது வேறு. ஒரு மணி நேரத்தில் இரண்டு நாப்கின் நனைந்து, அதுவே இரண்டு மணி நேரம் தொடர்ந்தால் உடனே கிளம்ப வேண்டும். காய்ச்சலோ கெட்ட வாடையோ இருந்தாலும் அப்படித்தான். இந்த அக்காவுக்கு அதெல்லாம் எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம், இப்பவே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்த போர்டில் இருப்பது, வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வதற்கு எதிரான 1994 சட்டம். கருக்கலைப்பை டாக்டர் செய்யலாம் என்கிற சட்டம் 1971-லேயே வந்துவிட்டது. இரண்டையும் குழப்பிக்கொண்டு வீட்டிலேயே கிடந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கருவைக் கலைக்க உள்ளே எருக்கங்குச்சி வைத்துக்கொண்டு ஜன்னி கண்டு வந்தவர்களையும் பார்த்த கண் இது. 28 வருஷ வேலையில் இப்படி வந்த பெண் மேல் கேஸ் போட்டு நான் பார்த்ததில்லை.

18 வயது முடிந்தவள் என்றால் அவள் கையெழுத்து போதும், புருஷன் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை. மாத்திரை ஒன்பது வாரம் வரைக்கும்தான், அதுவும் டாக்டர் சீட்டோடு. முதலில் ஒன்று, ஒன்றிரண்டு நாள் கழித்து மற்ற நாலு. கரு குழாயில் தங்கியிருந்தால் மாத்திரைக்குப் போகாது, குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும். மாத்திரை போட்டதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். எள்ளுருண்டையும் வேண்டாம், மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரலாம், வயிறு காலியாக இருக்கட்டும்.

ஏலக்காட்டுக்காரி:
ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். உள்ளே மிச்சம் தங்கியிருந்ததாம், சுத்தம் செய்துவிட்டார்கள். முதலில் "வீட்டுக்காரர் எங்கே, கையெழுத்து வேண்டும்" என்றார்கள். 1971 என்று நான் ஆரம்பித்ததும் டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார், அப்புறம் பேனாவை அக்காவிடமே நீட்டினார். இரண்டாவது பாட்டில் ரத்தம் ஏறுகிறது. போலீஸ் யாரும் வரவில்லை. மாமியார்தான் எள்ளுருண்டை டப்பாவோடு வாசலில் நிற்கிறார், உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள்.