கர்நாடக பாட்டு, மிருதங்கம், சர்ச் கீபோர்டு, டிரினிட்டி கிடார்: எல்லாரையும் ஒரே ராக் பேண்டுக்குள் எப்படிக் கொண்டுவருவது?

பெசன்ட்நகர்_பாஸ்:

வணக்கம். தமிழில் சொந்தப் பாட்டு போடும் ஆறு பேர் பேண்ட் எங்களுடையது. யார் எங்கிருந்து வந்தவர் என்பதில்தான் சிக்கலே. பாடகி முழுக்க கர்நாடக சங்கீதம், ஸ்ருதி ஐந்தரைக் கட்டை. வயலினும் கர்நாடகம்தான், தரையில் உட்கார்ந்து வாசிப்பவர். டிரம்ஸ் வாசிப்பவர் மிருதங்கத்திலிருந்து வந்தவர். கீபோர்டு, சர்ச்சில் பாடகர் குழுவுக்கு வாசித்தவர். கிடார், டிரினிட்டி (லண்டன் இசைத் தேர்வு) கிரேடு முடித்தவர். பாஸ் நான்.

பாடகியின் ஐந்தரைக் கட்டை என்பது ஜி ஷார்ப், கிடாருக்கு அது கையில் உட்காரவில்லை. டிரம்ஸ் பாதிப் பாட்டில் தனி ஆவர்த்தனமாகி (கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி போல) விடுகிறது. கீபோர்டும் பாஸும் சேர்ந்தால் கொழகொழவென்று இருக்கிறது. ராகமாக இழுத்துப் பாடும் இடத்தில் கார்டு இடிக்கிறது. எதிலிருந்து ஆரம்பிப்பது?

ஆறுகம்பி:

ஸ்ருதியில் ஆரம்பியுங்கள். கிடார், பாஸ் இரண்டையும் அரை நோட் இறக்குங்கள். கிடாரில் ஐந்தாவது ஸ்ட்ரிங்கைத் திறந்து வாசித்தாலே ஜி ஷார்ப், அதாவது பாடகியின் ச. ஆறாவது ஸ்ட்ரிங் டி ஷார்ப், அவருடைய ப. பாஸிலும் மூன்றாவது ஸ்ட்ரிங் ச, நாலாவது ப. வயலின்காரர் எப்படியும் ச-ப-ச-ப என்றுதான் சேர்த்திருப்பார், ஆகவே மூன்று வாத்தியத்துக்கும் திறந்த தந்திகள் ஒத்துப்போகும். கிடார்காரர் ஏ, டி, ஈ கார்டு பிடித்தால் அது ச, ம, ப.

10 கேஜ் (தந்தியின் தடிமன்) செட் போட்டிருந்தால் இறக்கியதும் தொளதொளவென்று ஆகும், 11 செட் மாற்றுங்கள். மாற்றியபின் கழுத்து வளைவும் இன்டோனேஷனும் (எல்லா ஃபிரெட்டிலும் ஸ்வரம் சரியாக நிற்கிறதா என்பது) ஒருமுறை பார்க்க வேண்டும். மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிடாராக இருந்தால் பாட்டுக்குப் பாட்டு டியூனிங் மாற்றாதீர்கள். ஒரு ஸ்ட்ரிங்கை இறக்கினால் பின்னாலுள்ள ஸ்பிரிங் இழுவையில் மற்ற ஐந்தும் ஏறிவிடும். கேபோ (கழுத்தில் எல்லாத் தந்தியையும் அமுக்கும் கிளிப்) வேண்டாம். நாலாவது ஃபிரெட்டில் போட்டால் ஈ வடிவத்தில் ஜி ஷார்ப் வரும், ஆனால் ரிஃபுக்கு (திரும்பத் திரும்ப வரும் கிடார் வரி) தேவையான அடி நோட்டுகள் எல்லாம் போய்விடும்.

ஐந்தரைக் கட்டை என்பதால் எல்லாப் பாட்டும் அங்கேயே இருக்கவேண்டும் என்பதில்லை. கச்சேரியில்தான் ஒரே ச. ராக் பாட்டில் மெட்டின் உச்ச ஸ்வரம் எங்கே போகிறது என்று பார்த்துக் கீ வையுங்கள். அந்த ஸ்ருதிக்காரருக்குத் தார பஞ்சமம் மேல் டி ஷார்ப். கோரஸின் உச்சி அதற்கு இரண்டு நோட் கீழே நின்றால் கடைசிப் பாட்டு வரை தொண்டை தாங்கும்.

ராகம் இடிப்பதற்கு: அவர் காந்தாரத்தை அசைத்துப் பாடும்போது கீழே மூன்றாம் ஸ்வரம் உள்ள கார்டு அசையாமல் நிற்கிறது, அதனால்தான் உரசுகிறது. அந்த இடத்தில் ச-ப மட்டும் உள்ள பவர் கார்டு போதும். டிஸ்டார்ஷனிலும் அதுதான் தெளிவாகக் கேட்கும். முதல் பாட்டுக்கு அசைவு அதிகமுள்ள தோடி ராகத்தை எடுக்காதீர்கள். சுத்த தன்யாசி எடுங்கள். கிடார்காரர் கைக்குப் பழகிய மைனர் பென்டடானிக் அதே ஐந்து ஸ்வரம்தான், உங்கள் டியூனிங்கில் ஐந்தாவது ஃபிரெட் பாக்ஸ். அதே வடிவத்தை மூன்று ஃபிரெட் இறக்கினால் மோகனம். கரகரப்பிரியா எடுத்தால் ஒரு எச்சரிக்கை: ஏ வடிவத்தில் யோசிக்கும்போது எஃப் மேஜர் கார்டு வந்தால் அதன் அடி நோட் சுத்த தைவதம், ராகத்தில் இருப்பதோ சதுஸ்ருதி தைவதம். நடபைரவியில் அந்த கார்டு தாராளமாக வரும்.

கிடாரில் கமகம் (ஸ்வரத்தை அசைப்பது) எப்படி ஸ்லைடாகவும் பெண்டாகவும் (தந்தியை வளைப்பது) வருகிறது என்று கேட்க மதர்ஜேன் என்ற கேரள ராக் பேண்டில் பைஜு தர்மஜன் வாசித்ததைக் கேளுங்கள். பாட்டு, வயலின் பக்கத்துக்கு அகம் பேண்டின் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன்.

தொப்பி_வலந்தலை:

மிருதங்கக்காரர் டிரம்ஸுக்கு வந்தால் கை பிரச்சினை இல்லை, கால்தான். தொப்பியின் (மிருதங்கத்தின் இடப் பக்கம்) கும்காரம் என்ற அடி நாதம் இடது கையில் இருந்தது, இப்போது அது வலது காலுக்குப் போகவேண்டும். பழக்கத்தில் இடது கை டாம் பக்கம் ஓடும், கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) சும்மா இருக்கும். 70 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 70 அடி) மிருதங்கச் சொல்லை வாயால் சொல்லி, ‘தொம்’ வரும் இடமெல்லாம் கால் மட்டும் வைக்கச் சொல்லுங்கள். கை தொடவே கூடாது. அது சரியானபின் ஹை-ஹாட், அதற்கப்புறம் 2, 4-ல் ஸ்னேர்.

தனி ஆவர்த்தனம் ஆவதற்குக் காரணம், மிருதங்கத்தில் பாட்டைத் தொடர்ந்து வாசிப்பதே அழகு. பாடகி ஒரு சங்கதி (அதே வரியை மாற்றிப் பாடுவது) போட்டால் பதில் சொல்லத் தோன்றும். ராக்கில் 2, 4 அசையாமல் இருந்தால்தான் மற்றவர்கள் நிற்க முடியும். எட்டு பாருக்கு ஒரு ஃபில் (இடையை நிரப்பும் வாசிப்பு), அதுவும் கடைசி பாரில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அவருடைய கணக்கை வீணாக்காதீர்கள், உங்கள் பேண்டின் பெரிய சொத்தே அதுதான். ஒரு பாரில் சதுஸ்ர நடையில் (அடிக்கு நாலு) 16 மாத்திரை. மூன்றாவது மாத்திரையில் ‘ததிகிணதொம்’ ஆரம்பித்து இடைவெளி இல்லாமல் மூன்று முறை சொன்னால், தொம் விழும் இடங்கள் 7, 12, பிறகு அடுத்த பாரின் முதல் அடி. அந்த மூன்று தொம்மிலும் கிடாரும் பாஸும் கிக்கோடு சேர்ந்து ஒரே பவர் கார்டை அடித்து உடனே கையால் அமுக்கி நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் விட்டால் கார்டு நீண்டு தீர்மானம் (மூன்று முறை வரும் அந்த முடிப்பு) கேட்கவே கேட்காது. கோரஸுக்குள் நுழைய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பெசன்ட்நகர்_பாஸ்:

ரொம்ப நன்றி அண்ணா, ரெண்டு பேருக்கும். மிஸ்ர சாபுவில் (ஏழு எண்ணிக்கைத் தாளம்) ஒரு பாட்டு இருக்கு, அதில் கிடாரும் கீபோர்டும் தவறிடறாங்க. கீபோர்டு இடது கைக்கும் ஏதாவது சொல்லுங்க.

பெடல்_பாயின்ட்:

சர்ச்சில் தனியாக வாசிப்பவர் பாடகர் குழுவின் நாலு குரலையும் தாங்கவேண்டும், அதனால் இடது கை பாஸ் லைனைப் பிடித்தே பழகியிருக்கும். பாஸ் கிடார் இருக்கும் பேண்டில் அது தேவையில்லை. நடு சி-க்கு ஓர் ஆக்டேவ் கீழே போகக்கூடாது என்று எல்லை வையுங்கள், மிக்ஸரில் கீபோர்டு சேனலில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். டிரான்ஸ்போஸ் −1 போட்டு ஏ-யிலேயே வாசிக்கலாம், ஆனால் கரண்ட் போய் வந்ததும் அது பூஜ்யத்துக்குத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். ஒத்திகையில் கார்டைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், அவர் ஏ என்பது பாடகிக்கு ஜி ஷார்ப். 1, 4, 5 என்று எண்ணால் சொன்னால் எல்லோருக்கும் புரியும். கிடார்காரருக்கும் முழு நொட்டேஷன் தராமல், பார் கோடுகளுக்குள் இந்த எண்களை மட்டும் எழுதிக் கொடுங்கள்.

மிஸ்ர சாபு: ஏழு என்று எண்ணுவதால்தான் தவறுகிறார்கள். எல்லோரும் ‘தகிட தகதிமி’ (3+4) சொல்லட்டும். கிக் 1-ல், ஸ்னேர் 4, 6-ல். கார்டு மாற்றம் 1-லும் 4-லும் மட்டும்.

ஆறுகம்பி:

வயலின் விட்டுப்போச்சு. மேடையில் மைக் வைத்தால் சிம்பல்தான் கேட்கும், பிரிட்ஜ் பிக்கப் போடுங்கள். அதை நேரே மிக்ஸரில் சொருகினால் அடி இல்லாமல் கீச்சென்று வரும். 1 மெகா ஓம் இன்புட் உள்ள பிரீஆம்ப் அல்லது டிஐ பாக்ஸ் (வாத்திய சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி) நடுவில் வேண்டும். 180 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடலாம். உட்கார்ந்து வாசிப்பவர் என்பதால் எதிரே தரையில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கர் நேராக வயலின் உடம்பில் அடித்து 270-300 ஹெர்ட்ஸ் பக்கம் ஊளையிடும். மானிட்டரைப் பக்கவாட்டில் காதுக்கு நேராகத் திருப்புங்கள், இல்லையென்றால் ஒரு காதுக்கு இன்-இயர் (காதில் செருகும் மானிட்டர்). ஒன்றரை அடி மேடைப் பலகை போட்டு, கிக் டிரம்முக்கு எதிர்ப் பக்கம் உட்கார வையுங்கள்.