வீடியோ போட்டாலே வளவு ரவுட்டர் அணைந்து அணைந்து எழுகிறது, உதவி தேவை

வளவுவாசி:
ஊர் தேவகோட்டைப் பக்கம். இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும் பழைய பங்காளி வீடு. ஃபைபர் இணைப்பு முகப்போடு நிற்கிறது. பட்டாசாலையை (முன்கூடம்) தாண்டும்போதே 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை போய்விடும். இரண்டாம் கட்டில் 2.4-உம் ஒரு கோடுதான். அப்பத்தா இருப்பது அங்கேதான். சிங்கப்பூரிலிருந்து அண்ணன் கூப்பிட்டால் முகம் பாதியில் நின்றுவிடுகிறது.

சுவரைத் துளைக்க முடியாது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு, ஒரு தடவை பெயர்ந்தால் பெயர்ந்ததுதான். அதனால் வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்பகுதி) உத்தரத்தை ஒட்டியே சுமார் 40 மீட்டர் நெட்வொர்க் கேபிள் இழுத்தேன். பழைய ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ஃபர்ம்வேரை (ரவுட்டரின் உள் மென்பொருள்) ஏற்றி, வளவு முனையில் ஆக்சஸ் பாயின்டாக, அதாவது கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகத் தருவதாக, வைத்திருக்கிறேன். டிஹெச்சிபி (ஐபி முகவரி பகிரும் வேலை) அணைத்தாயிற்று, ஐபி 192.168.1.2, கேபிள் லேன் போர்ட்டில். அங்கே பிளக் பாயின்ட் இல்லை. இன்வெர்ட்டர் லைன் முகப்பில்தான். ஆகவே பாசிவ் பிஓஇ ஜோடி (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரம் ஏற்ற ஒரு இன்ஜெக்டர், மறுமுனையில் பிரித்தெடுக்க ஒரு ஸ்ப்ளிட்டர்) வாங்கி, 12 வோல்ட் அடாப்டரிலிருந்து அதே கேபிளில் கரண்ட் அனுப்புகிறேன்.

சும்மா இருக்கும்வரை நன்றாக ஓடுகிறது. யாராவது வீடியோ போட்டதும் வைஃபை மறைந்து, கொஞ்ச நேரம் கழித்து வருகிறது. கேபிள் முனையில் மீட்டர் வைத்தால் 12 காட்டுகிறது. ஃபர்ம்வேர் கோளாறா?

செம்புக்கம்பி:
தம்பி, முதலில் ஒன்று பாருங்கள். வைஃபை மட்டும் விழுகிறதா, ரவுட்டரே அணைந்து எழுகிறதா? திரும்பி வந்தவுடன் ஓப்பன்டபிள்யூஆர்டியின் முதல் திரையில் அப்டைம் (எழுந்ததிலிருந்து ஓடிய நேரம்) பாருங்கள். அது பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருந்தால் ஃபர்ம்வேரைத் தொட வேண்டாம், மின்சாரத்தைத் தேடுங்கள்.

காரைக்குடிக்காரன்:
இவ்வளவு பாடு எதற்கு? முகப்பு ரவுட்டரில் 9 டிபிஐ (சிக்னலை ஒருமுகப்படுத்தும் அளவு) ஆன்டெனா மாட்டிப் பாருங்களேன்.

செம்புக்கம்பி:
அண்ணே, வெறும் ஆன்டெனா மட்டும் இந்த வீட்டுக்குப் போதாது. போன் திருப்பி அனுப்பும் சிக்னல் பலவீனமானது, அதுவும் அதே கனமான சுவர்களைத் தாண்டி முகப்புக்கு வந்தாக வேண்டும். கேபிள் இழுத்ததுதான் சரி.

வளவுவாசி:
அப்டைம் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குகிறது அண்ணே.

செம்புக்கம்பி:
அப்ப வோல்டேஜ்தான். ரவுட்டரை மாட்டாமல் அளந்தால் கரண்டே ஓடாது, எந்தக் கம்பியும் 12 காட்டும். ரவுட்டர் ஓடும்போதே ஸ்ப்ளிட்டர் முனையில் அளந்து பாருங்கள்.

இன்னொன்று. கேபிளின் ஒரு கம்பியை பிளேடால் மெதுவாகச் சுரண்டுங்கள். உள்ளேயும் சிவப்பு என்றால் செம்பு. வெள்ளையாக மின்னினால் அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. விலை மலிவான கேபிளெல்லாம் பெரும்பாலும் இதுதான்.

வளவுவாசி:
வெள்ளைதான் மின்னுகிறது. சும்மா இருக்கும்போது 9 வோல்ட் சொச்சம். போனில் வீடியோ போட்டதும் முள் சரசரவென்று இறங்கி, ரவுட்டர் அணைந்துவிட்டது.

செம்புக்கம்பி:
கணக்கும் அதைத்தான் சொல்கிறது. பாசிவ் பிஓஇ-யில் கேபிளின் எட்டுக் கம்பிகளில் 4, 5 சேர்ந்து பிளஸ்; 7, 8 சேர்ந்து மைனஸ். நல்ல செம்பாக இருந்தாலே 40 மீட்டருக்குப் போக வர 3.4 ஓம் வரும். உங்கள் கேபிளில் அது ஐந்தைத் தாண்டும். ரவுட்டருக்குள் இருக்கும் மின்சுற்று வோல்டேஜ் குறையக் குறைய அதிகக் கரண்ட் இழுக்கும். அதிகம் இழுத்தால் வோல்டேஜ் இன்னும் குறையும். வீடியோ போட்டதும் அந்தச் சுழலில் விழுந்துவிடுகிறது.

கேபிளை மாற்ற வேண்டியதில்லை. முகப்பில் 24 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் போடுங்கள். வளவு முனையில் ஸ்ப்ளிட்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவே எல்எம்2596 பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜைக் குறைத்துத் தரும்) போர்டு ஒன்று. அதே வாட்டுக்கு வோல்டேஜ் இரட்டித்தால் கரண்ட் பாதியாகிவிடும், வழியில் போகும் இழப்பும் குறையும். ரவுட்டரைச் செருகும் முன் போர்டின் குட்டித் திருகைத் திருப்பி, மீட்டரில் 12 வந்த பிறகே மாட்டுங்கள். நேரே 24 போனால் ரவுட்டர் கருகிவிடும்.

காரைக்குடிக்காரன்:
அப்ப ஜிகாபிட் வேகம்?

செம்புக்கம்பி:
அதற்கு நான்கு ஜோடியும் வேண்டும் அண்ணே. இரண்டு ஜோடி மின்சாரத்துக்குப் போய்விட்டதால் 100 எம்பிபிஎஸ்தான். வீடியோ காலுக்கு அதுவே தாராளம்.

வளவுவாசி:
மாட்டிவிட்டேன். வீடியோ ஓடும்போதும் ரவுட்டர் முனையில் 12 அசையவில்லை, ஐபெர்ஃப்பில் (வேகம் அளக்கும் மென்பொருள்) 90 எம்பிபிஎஸ்-க்கு மேல் வருகிறது. இரண்டு வைஃபையும் ஒன்றையொன்று குறுக்கிடாமல் முகப்பில் சேனல் 1, வளவில் 11 என்று பிரித்தும் வைத்தாயிற்று. நேற்று அப்பத்தா அண்ணன் பிள்ளைகளோடு ஆசை தீரப் பேசினார். ரொம்ப நன்றி அண்ணே.

செம்புக்கம்பி:
மகிழ்ச்சி தம்பி. அந்தக் கேபிளின் இரண்டு முனையிலும் "24 வோல்ட், கழற்றாதீர்கள்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். படைப்புக்கு (முன்னோர் வழிபாடு) பங்காளிகள் கூடும்போது யாராவது அதை உருவி லேப்டாப்பில் செருகிவிடக் கூடும்.