பட்டியில் அடைத்த பன்றியை வைத்து வேட்டை நாய்களைப் பழக்குவது சரியா?

வெள்ளவத்தைவாசி:
வவுனியாவிலுள்ள என் பெரியம்மாவின் மகன், பயிரைக் காட்டுப்பன்றிகளிடமிருந்து காக்க நான்கு நாய்கள் வளர்க்கிறார். விடுமுறைக்குச் சென்றிருந்தபோது, பொறியில் அகப்பட்ட பன்றிக்குட்டி ஒன்றைக் கம்பிவலைப் பட்டிக்குள் அடைத்து, இளம் நாய்களை ஒவ்வொன்றாக உள்ளே விடுவதைக் கண்டேன். மூலையில் ஒண்டி நின்ற அதன் மூக்கு, கம்பியில் முட்டி முட்டித் தோலுரிந்திருந்தது. "பழக்காமல் காட்டுக்குள் விட்டால் நாய்தான் வயிறு கிழிந்து சாகும்" என்றார் அண்ணன். பயிருக்காக வேட்டையாடுவதை நான் எதிர்க்கவில்லை. அப்படியிருக்க, இதை மட்டும் எந்த அடிப்படையில் தவறென்று அவரிடம் சொல்வேன்?

புதுக்கடைச் சட்டத்தரணி:
அடிப்படை நமது பழைய சட்டத்திலேயே இருக்கிறது. 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க விலங்குவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம், வீட்டு விலங்கோடு பிடித்து வைக்கப்பட்ட விலங்கையும் தன் பாதுகாப்புக்குள் கொண்டுவருகிறது. காட்டில் திரியும் பன்றி அதற்குள் அடங்காது. பட்டிக்கதவை மூடிய கணத்தில் அடங்கிவிடும். அதில் எழுதப்பட்ட தண்டப்பணத்தின் உச்சம் 100 ரூபா என்பது வெட்கக்கேடு. ஆயினும் அந்த வரையறை சரியான இடத்தைத் தொடுகிறது: ஓடித் தப்பும் வழியை நாம் அடைத்துவிட்டால், அந்த உயிருக்கு நேர்வது அனைத்துக்கும் நாமே பொறுப்பு.

கால்நடை மாணவி:
இதே வாதம் அமெரிக்காவிலும் நடந்தது. அங்கே நரிகளையும், ஓநாயை ஒத்த கயோட்டி என்னும் காட்டு விலங்குகளையும் வேலியிட்ட காணிகளுக்குள் விட்டு நாய்களை ஏவிப் பழக்கினார்கள். புளோரிடா 2010இல் அதைத் தடைசெய்தது. வர்ஜீனியா 2014இல் புதிய காணிகளை மறுத்தபோதும், ஏற்கெனவே இருந்தவற்றுக்கு 40 ஆண்டு அவகாசம் கொடுத்தது, அது எனக்கு ஏற்புடையதல்ல. நோயும் இதில் கலந்திருக்கிறது. 1994இல் டெக்சாஸ் கயோட்டிகளிடையே பரவியிருந்த விசர்நோய் வகை புளோரிடாவின் வேட்டை நாய்களில் கண்டறியப்பட்டது. அந்தக் கயோட்டிகளைப் புளோரிடாவுக்குக் கொண்டுவந்ததே காரணமென்று கருதப்பட்டது. அண்ணனின் நாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசி போட்டாயிற்றா?

வன்னிக்காரன், கொட்டாஞ்சேனை:
என் தகப்பனார் வேட்டைக்காரர். ஆகவே அண்ணனின் அச்சம் எனக்கு விளங்குகிறது. கொம்பன் பன்றியிடம் கிழிபட்ட நாயைச் சாக்கில் சுமந்து வந்த நாள்கள் எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் தகப்பனார் ஒருபோதும் பட்டியில் பழக்கியதில்லை. குட்டிநாயைத் தாய்நாயோடு அனுப்புவார். அதற்கு முன் பன்றித்தோலைப் பற்றைகளுக்குள் இழுத்துச் சென்று மணம் பிடிக்கச் சொல்லிக்கொடுப்பார். மூலையில் நடுங்கி நிற்கும் குட்டியைக் கடித்துப் பழகிய நாய், எல்லாப் பன்றியும் அப்படித்தான் நிற்குமென்று எண்ணி நெருங்கும். காட்டில் திரும்பிப் பாயும் பன்றியின் முன் முதலில் விழுவது அந்த நாய்தான். நாயைக் காப்பாற்றத்தான் இதைச் செய்கிறேன் என்று அண்ணன் சொன்னால், இதையே அவரிடம் சொல்லுங்கள்.

வெள்ளவத்தைவாசி:
இன்றிரவே அண்ணனோடு பேசுகிறேன். தடுப்பூசியைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அந்தக் குட்டி இன்னும் பட்டியில்தான் இருக்கிறது. முதலில் அதற்கொரு வழி செய்ய வேண்டும்.