யாங்கூன் மழைக்கும் கரண்ட் கட்டுக்கும் தாங்கும் ஜெராக்ஸ் மெஷின் எது?

வணக்கம். யாங்கூனில் கோயில் அலுவலகத்துக்கும் தமிழ் வகுப்புக்கும் சேர்த்து ஒரு மெஷின் வாங்க வேண்டும். மாதம் 4,000 பக்கம், ஏ4, கறுப்பு வெள்ளை. கியோசெராவா, ரிக்கோவா, பிரதரா?

கியோசெராவின் சில மாடல்களில் நீண்ட நாள் உழைக்கும் சிலிக்கான் டிரம் (படம் உருவாகும் உருளை). பிரதரில் டோனர் (மைத்தூள்) தனி, டிரம் தனி. ஆனால் இங்கே கரண்ட்தான் பெரிய கவலை. ஃபியூசர் (மைத்தூளைச் சூட்டால் தாளில் ஒட்டவைக்கும் பாகம்) சூடாகும்போது ஏறக்குறைய 1,000 வாட் இழுக்கும், சின்ன யூபிஎஸ் தாங்காது. ஓடும்போது கரண்ட் போனால் தாள் ஃபியூசரில் மாட்டும். வெடுக்கென்று இழுத்தால், ஃபிலிம் உள்ள ஃபியூசரில் அந்த மெல்லிய சுருள் உறை கிழியலாம். மழைக்காலத்தில் தாள் ஈரம் குடித்துச் சுருளும், இரண்டிரண்டாகப் போகும்.

பிக்கப் ரோலரும் (தாளை உள்ளே இழுக்கும் உருளை) ஃபியூசரும் எத்தனை ஆயிரம் பக்கத்தில் மாற்றினீர்கள்? உள்ளூரில் கிடைத்ததா? மாடல் எண், மீட்டர் கணக்கோடு (மெஷின் காட்டும் மொத்தப் பக்க எண்ணிக்கை) சொல்லுங்கள். "நல்லா ஓடுது" என்பது மட்டும் போதாது.