ஜாம் விண்ணப்பம், ஜியாலஜி, 74%: ஐஐடி கிடைக்குமா? (அவசரம்)

மழைக்காலம்
எல்லோருக்கும் வணக்கம். ஐஐடி எம்எஸ்ஸிக்கான நுழைவுத்தேர்வு ஜாம், அதற்கு அப்ளிகேஷன் பாதி போட்டு வைத்திருக்கிறேன், இந்த வாரத்தோடு முடிகிறது. எனக்கு 74% இருக்கிறது. ஐஐடியில் எம்எஸ்ஸி ஜியாலஜி (நிலவியல்) கிடைக்க சான்ஸ் இருக்கா? இல்லையென்றால் எதற்குப் பணம் கட்டுகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

நொய்யல்கரை
எதில் 74? பிளஸ் டூவா, டிகிரியா?

தாராபுரத்தான்
தம்பி, பிளஸ் டூ முடித்தவர் என்றால் ஐஐடியை விடுங்கள். சேலம் அரசுக் கலைக் கல்லூரியில் பிஎஸ்ஸி ஜியாலஜி இருக்கிறது. தமிழ், ஆங்கிலம் இரண்டையும் விட்டுவிட்டு மீதி நான்கு பாடத்துக்கு 400 என்று கணக்குப் போட்டுத்தான் தரவரிசை எடுப்பார்கள். அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5% ஒதுக்கீடும் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள்.

சேலம்கல்
தாராபுரத்தண்ணா, 7.5% என்பது மருத்துவம், பொறியியல், வேளாண்மை மாதிரியான தொழிற்படிப்புகளுக்கு. பிஎஸ்ஸிக்கு அது கிடையாது. அவர் ஜாம் என்று எழுதியிருக்கிறார், அப்படியானால் டிகிரி கடைசி வருடமாகத்தான் இருக்கும்.

மழைக்காலம், கல்லூரிப் பெயர் வேண்டாம். மேஜர் என்ன, அல்லைடு (துணைப்பாடம்) என்னென்ன, எந்தப் பிரிவு, அரியர் உண்டா? இந்த நாலையும் சொல்லுங்கள்.

பாறைவாசி (மூத்த உறுப்பினர்)
ஒவ்வொரு வருடமும் விண்ணப்பம் முடிகிற வாரத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும். தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நட்சத்திரத்தைக்கூடச் சொல்லாமல் பொருத்தம் பார்க்கச் சொல்கிறீர்கள்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்லூரி சதவீதத்தை வைத்து ஐஐடி யாரையும் வரிசைப்படுத்துவதில்லை. தகுதி இருக்கிறதா என்று பார்க்க மட்டும்தான் அது. வரிசை முழுக்க ஜாம் ரேங்க். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். ஒரே விடை உள்ள 30 கேள்விகளில் தப்பினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பல விடை உள்ள பத்துக்கும், எண்ணை நாமே எழுத வேண்டிய இருபதுக்கும் கழித்தல் கிடையாது. இதுகூடத் தெரியாமல் விண்ணப்பத்தைத் திறந்தால் இப்படித்தான்.

கோபி_அக்கா
அந்தப் பிள்ளை கேட்டது சான்ஸ் இருக்கா என்று. திட்டு வேண்டும் என்று கேட்கவில்லையே பாறைவாசி.

மேப்மாமா
என்னைக் கேட்டால் ஜியாலஜியே வேண்டாம். கணினியில் வரைபடம் போடும் ஜிஐஎஸ் படியுங்கள். பல டிகிரிகளில் இருந்தும் ரிமோட் சென்சிங், ஜியோஇன்ஃபர்மேடிக்ஸ் பக்கம் வரலாம். பாரதிதாசனில் இருக்கிறது, அண்ணாவில் இருக்கிறது. கோயம்புத்தூரிலேயே வேலை கிடைக்கும். சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைய வேண்டியதில்லை.

மழைக்காலம்
மன்னிக்கவும், வகுப்பில் இருந்தேன். நான் தம்பி இல்லைங்க 🙂

பிஎஸ்ஸி பிசிக்ஸ், மூன்றாம் வருடம். அல்லைடு மேத்ஸ், கெமிஸ்ட்ரி. 74 என்பது நாலு செமஸ்டர் வரை. பிசி. எங்கள் ஊர் பரமத்தி வேலூர் பக்கம். சித்தம்பூண்டிப் பாறையை அரைத்துத்தான் சந்திரயான் 2 லேண்டரைச் சோதிக்க நிலா மண் தயாரித்தார்கள் என்று பேப்பரில் படித்ததில் இருந்து ஜியாலஜி மேல் ஆசை. விண்ணப்பத்தில் டெஸ்ட் பேப்பர் என்று கேட்கும் இடத்தில் ஜியாலஜி என்று போட்டிருக்கிறேன். இன்னும் பணம் கட்டவில்லை.

நொய்யல்கரை
பிசிக்ஸா! இதை முதல் வரியில் சொல்லியிருக்க வேண்டாமா கண்ணு.

சேலம்கல்
பணம் கட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள்.

ஜாம் தேர்வை எந்தப் பட்டம் படிப்பவரும் எழுதலாம். அது வேறு. இடம் கொடுக்கும்போது ஒவ்வொரு ஐஐடியும் தன் படிப்புக்கு என்ன பாடம் வேண்டும் என்று வைத்திருக்கும். எம்எஸ்ஸி ஜியாலஜி, அப்ளைடு ஜியாலஜி என்றால் பட்டப்படிப்பில் ஜியாலஜி ஒரு பாடமாக இருக்க வேண்டும் என்பதுதான் பெரும்பாலும் நிபந்தனை. நீங்கள் அந்தத் தாளில் நல்ல ரேங்க் வாங்கினாலும் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். அதோடு அந்தத் தாளில் வருவது கனிமவியல், பாறையியல், அடுக்கியல், தொல்லுயிரியல், பொருளாதார நிலவியல். மூன்று வருடம் படித்தவர்களோடு நாலு மாதத்தில் போட்டி போட முடியுமா என்று நீங்களே பாருங்கள்.

உங்களுக்கான வழி ஜியோபிசிக்ஸ். நிலநடுக்க அலை, புவியீர்ப்பு, காந்தப்புலம், மின்தடை என்று எல்லாமே நீங்கள் படித்த பிசிக்ஸ்தான், பூமிக்குள் இறங்கிப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். எந்தப் படிப்புக்கு எந்தத் தாள், என்ன தகுதி என்று ஜாம் தகவல் கையேட்டில் நீண்ட அட்டவணை இருக்கிறது. ஒவ்வொரு ஐஐடி வரியையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பிசிக்ஸ் தாள் போடுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

தாராபுரத்தான்
ஐஐடி மெட்ராஸ் பக்கத்தில் இருக்கிறதே, அதில் போட்டால் என்ன?

சேலம்கல்
அங்கே எம்எஸ்ஸி ஜியாலஜி கிடையாதுங்க அண்ணா. மும்பை, கரக்பூர், ரூர்க்கி, தன்பாத், புவனேஸ்வர் மாதிரியானவைதான் இந்தத் துறைக்கு.

ரிக்வண்டி_திருச்செங்கோடு
ஏனுங்க, ஒரு சந்தேகம். இதையெல்லாம் படித்துவிட்டு வந்து என்ன செய்வீர்கள்? நாங்கள் தமிழ்நாடு, ஆந்திரா, மத்தியப் பிரதேசம் வரை வண்டி கொண்டுபோய் போர்வெல் போடுகிறோம். ஒருத்தரும் ஜியாலஜிஸ்ட்டைக் கூப்பிடுவதில்லை. நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பார், காய் நிமிர்ந்து நிற்கிற இடத்தில் சுண்ணாம்பு போடுவார், நாங்கள் இறக்குவோம். தண்ணி வருது.

பாறைவாசி (மூத்த உறுப்பினர்)
வந்துவிட்டார். தேங்காய் வேலை செய்வதாக நிரூபித்துக் காட்டுங்கள், நான் துறையை விட்டே போய்விடுகிறேன்.

ரிக்வண்டி_திருச்செங்கோடு
நீங்கள் போகவேண்டாங்க. ஆனால் மீட்டர் வைத்துப் பார்த்தவர் சொன்ன இடத்திலும் எனக்குப் புகைதான் பறந்திருக்கிறது. பெருந்துறை பக்கம், 900 அடி. தோட்டத்துக்காரர் கண்ணில் தண்ணி வந்ததுதான் மிச்சம்.

சேலம்கல்
இது வேறு விஷயம், ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. நம் பக்கம் கெட்டிப்பாறை நாடு. மேலே சிதைந்த பாறையில் கொஞ்சம் தண்ணீர், கீழே வெடிப்புகளில் கொஞ்சம். மீட்டர் என்று நீங்கள் சொல்வது நாலு கம்பியை நட்டு மின்சாரம் செலுத்தி மின்தடையை அளப்பது. உலர்ந்த பாறையில் தடை மிக அதிகம், ஈரம் உள்ள சிதைந்த பாறையில் குறைவு. களிமண்ணும் குறைவாகத்தான் காட்டும், அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இன்னொன்று, ஆழம் போகப்போக ஒல்லியான ஒரு வெடிப்பை மேலிருந்து பிடிப்பது கஷ்டம். 900 அடியில் இத்தனை இஞ்சு தண்ணி வரும் என்று மீட்டரை வைத்து ஒருவர் உறுதி கொடுத்தால் அவரையும் நம்பாதீர்கள். கிணறு, பழைய போர், ஓடை, பாறையின் சாய்வு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பவர்தான் ஜியாலஜிஸ்ட்.

தேங்காய் சொன்ன இடத்தில் தண்ணி வந்தது சரி. பத்தடி தள்ளிப் போட்டிருந்தால் வந்திருக்காது என்று யார் போட்டுப் பார்த்தார்கள்?

நொய்யல்கரை
எங்கள் அப்பாரு காலத்தில் வேப்பங்குச்சி. தேங்காய் பிறகு வந்ததுதான்.

ரிக்வண்டி_திருச்செங்கோடு
இன்னொரு போர் போட்டுப் பார்க்கச் சொன்னால் நான் வேண்டாமென்றா சொல்வேன்? பணம் நீங்கள் கொடுங்கள் சாமி.

கோபி_அக்கா
அந்தப் பிள்ளைக்குக் கடைசி நாள் வருது. தேங்காய்க்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள்.

மழைக்காலம், அரியர் பற்றி நீ சொல்லவே இல்லை.

மழைக்காலம்
ஒன்று இருக்குங்க அக்கா. அல்லைடு கெமிஸ்ட்ரி. வரும் நவம்பரில் எழுதுகிறேன். அது பிரச்சினையா? வீட்டில் தன்பாத் எல்லாம் அனுப்ப மாட்டேன் என்கிறார்கள், பெண் பிள்ளை சுரங்கத்தில் என்ன செய்வாள் என்று.

பாறைவாசி (மூத்த உறுப்பினர்)
அரியர், மேஜர், பிரிவு. கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

கோபி_அக்கா
அரியர் இருந்தாலும் தேர்வு எழுதலாம். ஆனால் இடம் கிடைத்துச் சேர்ந்த பிறகு, அவர்கள் சொல்லும் தேதிக்குள் டிகிரி முழுசாக முடித்த சான்றைக் காட்ட வேண்டும். நவம்பரிலேயே முடித்துவிடு. ஏப்ரல் என்று தள்ளினால் ரிசல்ட் தாமதமாகி, பிறகு யுனிவர்சிட்டி தேர்வுக் கன்ட்ரோலர் ஆபீசுக்கும் வீட்டுக்கும் நடக்க வேண்டிவரும்.

பிசி என்றாயே, அது மாநிலக் கணக்கு. மத்திய அரசு நிறுவனங்களில் ஓபிசி, அதிலும் கிரீமி லேயரில் (வசதி படைத்தவர் பிரிவில்) வராதவர் என்று தனிப் படிவத்தில் சான்றிதழ் வேண்டும். நம்மிடம் இருக்கும் சாதிச் சான்றிதழ் அங்கே செல்லாது. முதலில் மத்தியப் பட்டியலில் உங்கள் சமூகம் இருக்கிறதா என்று பார். இருந்தால் தாலுகா ஆபீசில் இப்போதே விண்ணப்பம் போடு. எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கியது செல்லும் என்பதும் கையேட்டில் இருக்கும், அதையும் பார்த்துக்கொள்.

சுரங்கம் பற்றி அப்பாவிடம் சொல்: 1952 சட்டம் பெண்களை நிலத்தடிச் சுரங்கத்தில் வேலைக்கு வைக்கத் தடை போட்டிருந்தது உண்மை. 2019-ல் தளர்த்திவிட்டார்கள். தொழில்நுட்பம், மேற்பார்வை, நிர்வாக வேலைகளில் காலை 6 முதல் மாலை 7 வரை பெண்கள் இறங்கலாம் என்று அப்போது அனுமதித்தார்கள். அதற்கும் மேலே, ஜியோபிசிக்ஸ் படித்தவர்கள் எல்லோரும் சுரங்கத்துக்குப் போவதில்லை.

மேப்மாமா
அதனால்தான் ஜிஐஎஸ் என்றேன்.

சேலம்கல்
ஐஐடி மட்டும்தான் என்று உட்கார்ந்துவிட வேண்டாம். நம் ஊரிலிருந்து ரயில் ஏறினால் சில மணி நேரத்தில் கொச்சி. அங்கே குசாட்டில் (கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) மரைன் ஜியோபிசிக்ஸ் எம்எஸ்ஸி இருக்கிறது, அவர்களுக்குத் தனி நுழைவுத்தேர்வு. வீட்டில் தன்பாத்துக்கு முகம் சுளித்தாலும் கொச்சிக்குச் சம்மதிக்கலாம். விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகம், ஹைதராபாத்தில் உஸ்மானியா, இரண்டிலும் ஜியோபிசிக்ஸ் உண்டு. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கு கியூட் பிஜி என்ற பொது நுழைவுத்தேர்வு எழுத வேண்டும், அதற்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இதை யாரும் சொல்லவில்லையே என்று பார்க்கிறேன்: ஜிஎஸ்ஐக்காக (இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம்) யுபிஎஸ்சி நடத்தும் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வில் ஜியோபிசிசிஸ்ட் பதவிக்கு எம்எஸ்ஸி பிசிக்ஸ் முடித்தவர்களும் போகலாம். ஜியாலஜிஸ்ட் பதவிக்குத்தான் ஜியாலஜி சார்ந்த பட்டம் கேட்பார்கள். ஆக இந்த வருடம் எதுவும் அமையாமல் நம் ஊர்க் கல்லூரியிலேயே எம்எஸ்ஸி பிசிக்ஸ் சேர்ந்தாலும் கதவு மூடிவிடாது.

சான்ஸ் எவ்வளவு என்று கேட்டீர்கள். ஜியாலஜி தாள் போட்டால் கிட்டத்தட்ட இல்லை. பிசிக்ஸ் தாள் போட்டால் 74 தடையாக இருக்காது, பிப்ரவரியில் நீங்கள் எழுதுவதைப் பொறுத்தது. முந்தைய வருடங்களில் எந்தப் படிப்பு எந்த ரேங்க்கில் மூடியது என்பதை ஜாம் தளத்தில் உங்கள் பிரிவுக்கு நேராகப் பாருங்கள். இங்கே நாங்கள் சொல்லும் ஊகத்தைவிட அது உருப்படியானது.

பாறைவாசி (மூத்த உறுப்பினர்)
சேலம்கல் சொன்னதில் ஒரு குறை. இரண்டு தாள் வரை எழுதலாம், ஜியாலஜியும் பிசிக்ஸும் வழக்கமாக வெவ்வேறு வேளையில்தான் வைக்கிறார்கள். ஆசை இருந்தால் இரண்டும் போடலாம் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

சேலம்கல்
போடலாம், அதற்குக் கூடுதல் கட்டணம். தகுதியே இல்லாத படிப்புக்கு எதற்கு?

பாறைவாசி (மூத்த உறுப்பினர்)
தகவல் முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

நொய்யல்கரை
சித்தம்பூண்டி பற்றிச் சொன்னாயே கண்ணு, அந்த நிலா மண் வேலையில் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஜியாலஜிக்காரர்களும் இருந்தார்கள். நிலாவின் மேட்டுப் பகுதிகளில் இருக்கும் அனார்த்தசைட் வகைப் பாறை உங்கள் ஊரில் கிடைப்பதால்தான் இஸ்ரோ அங்கே வந்தது. குன்னமலையிலும் எடுத்தார்கள். லீவில் அந்தத் துறைக்கு ஒரு நடை போய்க் கேள், பேசுவார்கள்.

ரிக்வண்டி_திருச்செங்கோடு
அந்தப் பக்கம் போர் போட்டிருக்கேன். வெள்ளைப் பாறை, பிட் சீக்கிரம் தேயும். நிலாவில் போர் போட்டாலும் இதே கதைதான் போல.

மழைக்காலம்
தாள் மாற்றி பிசிக்ஸ் மட்டும் போட்டுவிட்டேன், பணமும் கட்டியாச்சு. சென்டர் கோவை. தாலுகா ஆபீஸ் திங்கட்கிழமை போகிறேன். எல்லோருக்கும் நன்றிங்க. கெமிஸ்ட்ரி படிக்கப் போகிறேன்.

மேப்மாமா
ஜிஐஎஸ் பற்றி யோசித்தீர்களா?