மடியில் படுக்கிற பூனை திடீரென்று கடிக்கிறது, ஏன்?

நகக்கீறல்:
எங்கள் மிட்டுவுக்கு மூன்று வயது, ஆண், கருத்தடை ஆகிவிட்டது. தானாகவே வந்து மடியில் ஏறுவான், குர்குர் என்று சத்தம் போடுவான், நானும் முதுகைத் தடவிக்கொண்டே டிவி பார்ப்பேன், எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போது படக்கென்று கையைக் கடித்துவிட்டு இறங்கி ஓடுவான். ரத்தம் வருகிற அளவுக்கு இல்லை, ஆனாலும் மனசு கஷ்டமாக இருக்கிறது. மல்லாந்து வயிற்றைக் காட்டுவான், ஆசையாகத் தொட்டால் நான்கு காலாலும் பிடித்து உதைப்பான். இவனுக்கு என்னைப் பிடிக்குமா பிடிக்காதா? தண்ணீர் தெளித்தால் அடங்கும் என்கிறார்கள், செய்யலாமா?

மதில்மேல்:
தண்ணீர் வேண்டவே வேண்டாம். கடித்ததால்தான் நனைந்தோம் என்று அவனுக்குத் தெரியாது, நீங்கள் இருந்தால் தண்ணீர் வரும் என்றுதான் மனதில் பதியும்.

அப்புறம் அந்த 'திடீரென்று'. நீங்கள் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், பூனையை யார் பார்த்தது? அடுத்த முறை கவனியுங்கள். முதலில் வால் நுனி மட்டும் சுண்டும், பிறகு முழு வாலும் அடிக்கும், முதுகுத் தோல் ஈ உட்கார்ந்த மாதிரி துடிக்கும், காது பக்கவாட்டில் திரும்பும், சில பூனைகள் தலையைத் திருப்பி நம் கையையே ஒரு பார்வை பார்க்கும். இத்தனை சொல்லியும் கை நிற்கவில்லை என்றால் அதனிடம் மிச்சமிருப்பது பல்தான். நாயைப் பார்த்துப் பழகியவர்கள் வாலாட்டினால் சந்தோஷம் என்று நினைத்துக்கொள்கிறார்கள், பூனை வாலை விசிறினால் எரிச்சல். வாலைக் கொடிமரம் மாதிரி நிமிர்த்திக்கொண்டு வந்தால்தான் அது நமக்கு வணக்கம் வைக்கிறது. கண்மணி பெரிதாவதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், அறையில் வெளிச்சம் குறைந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

வயிற்றைக் காட்டுவது உங்கள் பக்கத்தில் பயமில்லை என்பதால். தொடு என்று அவன் சொல்லவே இல்லையே!

திண்ணைப்பூனை:
கன்னம், தாடைக்குக் கீழ், காதுக்கு முன்னால் மட்டும் தடவுங்கள், பெரும்பாலான பூனைகளுக்கு அங்கேதான் பிடிக்கும். மூன்று தடவல், பிறகு கையை எடுத்துவிடுங்கள். இன்னும் வேண்டுமென்றால் அவனே தலையால் முட்டிக் கேட்பான். கண்ணை மெதுவாக மூடித் திறந்து பாருங்கள், திருப்பிச் செய்வான். கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள், இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2020இல் இதை ஆய்வாகவே வெளியிட்டிருக்கிறார்கள்.

ஒன்பதாம்உயிர்:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஒரு கேள்வி. இது எப்போதும் உள்ள பழக்கமா, புதிதாக ஆரம்பித்ததா? எங்கள் கிழவியும் இடுப்புப் பக்கம் தொட்டால் கடிப்பாள், வயதான திமிர் என்று ஆறு மாதம் சிரித்துக்கொண்டிருந்தோம், எக்ஸ்ரே எடுத்தால் மூட்டுத் தேய்மானம். குர்குர் சத்தத்தை நம்பி ஏமாந்ததும் அதில் சேர்த்தி, வலியில் இருக்கும்போதும் பூனை அந்தச் சத்தம் போடும். மான்ட்ரியல் பல்கலைக்கழகம் 2019இல் 'ஃபீலைன் கிரிமேஸ் ஸ்கேல்' என்று ஒன்றை வெளியிட்டது. காது, கண் இடுக்கம், மூக்கு வாய்ப் பகுதியின் இறுக்கம், மீசை, தலை நிற்கும் உயரம், இந்த ஐந்தையும் பார்த்து வலியை மதிப்பிடுகிற முறை. முகத்தைப் பார்க்கப் பழகினால் டாக்டரிடம் எப்போது போவது என்று குழம்ப வேண்டியதில்லை. ஆண் பூனை என்பதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மன உளைச்சல் பூனையின் சிறுநீர்ப்பையையும் பாதிக்கலாம், லிட்டர் பெட்டியில், அதாவது பூனை மலசலம் கழிக்கும் மணல் பெட்டியில், உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உயிருக்கே ஆபத்து.

நகக்கீறல்:
குட்டியிலிருந்தே இப்படித்தான், சாப்பாடு, லிட்டர் எல்லாம் ஒழுங்கு. நேற்று டிவியை அணைத்துவிட்டு அவனையே பார்த்தேன். நாலாவது தடவலில் வால் நுனி சுண்டியது, கையை எடுத்துவிட்டேன். இறங்கவில்லை. முன்னங்காலை மடித்துக்கொண்டு அப்படியே தூங்கிவிட்டான், எனக்குத்தான் கால் மரத்துப்போய் ஒரு மணி நேரம் எழுந்திருக்க முடியவில்லை.